காய்ப்பு ஓயும் வரை

எங்கள் ஊரில் கேணிக்கொல்லை என்று ஒன்று இருக்கிறது. ஜெயங்கொண்டத்திலிருந்து வரதராஜன்பேட்டைக்குப் போகிற வழியில், முந்திரிக்காடு முடிகிற இடத்தில், அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான செம்மண். இன்று அதை என் தம்பி உழுகிறான். எனக்கு அதில் ஒரு பிடி மண் கிடையாது. பெண்பிள்ளைக்குக் கொல்லை எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். தம்பியும் அதையே சொல்கிறான். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வயிற்றெரிச்சல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது எனக்காக வந்ததல்ல, என் பெரியம்மா கலியம்மாளுக்காக வந்தது.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்காள் இல்லை. அப்பாவின் அண்ணன் அரியமுத்துவின் பெண்சாதி. திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில் பிறந்து, பதினைந்து வயதில் எங்கள் வறண்ட மண்ணுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த மறுநாள், “இங்க ஆறு எந்தப் பக்கம்?” என்று கேட்டாளாம். அதைச் சொல்லியே ஊர் பத்து வருஷம் சிரித்தது. பிறகு பிள்ளை இல்லை என்று ஆனதும் ஊருக்குச் சிரிப்பதற்கு அதைவிட நல்ல விஷயம் கிடைத்துவிட்டது.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பாகம் பிரிந்தபோது, பெரியப்பா பங்கில் வந்தது இந்தக் கேணிக்கொல்லைதான். கேணி என்று பேர். கோடை வந்தால் அடியில் ஒரு முழம் கலங்கல் நிற்கும். வரகும் கம்பும் தவிர வேறு எதையும் அந்த மண் கண்டதில்லை. உலகச் சண்டை தொடங்கிய வருஷம், வரதராஜன்பேட்டையில் சவரிமுத்து வாத்தியார் வீட்டுக்கு மோர் விற்கப் போன பெரியம்மா, அவர் சம்சாரம் விண்ணரசி அம்மாள் கொல்லைப்புறத்தில் சீமைத் தக்காளி பழுத்துத் தொங்குவதைப் பார்த்தாள். மோருக்குப் பதில் ஒரு பழத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். விதையைப் பிதுக்கி, சாம்பலில் புரட்டி, முறத்தில் காயவைத்தாள்.

எங்கள் தெருவில் அப்போது யாரும் அந்தப் பழத்தைத் தொடமாட்டார்கள். குழம்புக்குப் புளி இருக்கிறது, இந்தச் சிவப்புச் சாறு எதற்கு என்பார்கள். அது கிறிஸ்தவ வேதக்காரர்கள் கறிக்குழம்பில் போடுகிறது என்று மூக்கைச் சுளிப்பார்கள். பெரியம்மாவுக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. திருட்டு பயம் இல்லாத ஒரே வெள்ளாமை ஊரிலேயே அவளுடையதுதான். வரதராஜன்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்கள் கூடையைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து தை பிறந்தால் பறிப்பு. மாசி முழுக்கப் பறிப்பு.

அவள் மண்ணை வளர்த்த விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆடி மாதம் ஆட்டுக்காரர்களைக் கெஞ்சி, ராத்திரி கொல்லையில் ஆட்டுக்கிடை போட வைப்பாள். ஆவாரந்தழையும் கொழிஞ்சியும் அறுத்துவந்து மிதிப்பாள். பூச்சி விழுந்தால் அடுப்புச் சாம்பல். சண்டைக் காலத்தில் ஒரு விவசாய ஆபீசர் வந்து, வெள்ளை உப்பு மாதிரி ஒரு உரத்தைக் காட்டி, இதைப் போட்டால் இரண்டு பங்கு காய்க்கும் என்றார். என் அப்பா ராசாங்கம் முண்டியடித்துக்கொண்டு போய் வாங்கினார். பெரியம்மா, “உப்பைப் போட்டா தண்ணி நெறையக் கேக்கும்ங்கிறாங்க சார். என் கேணியில தண்ணிக்கு நான் எங்க போவேன்?” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் மண் கறுத்து, பிடித்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அப்பாவுக்கு அந்தக் கொல்லையின் மேல் கண் விழுந்தது அப்போதுதான் என்று அம்மா சொல்வாள். நல்லதைக் கண்டால் கண் விழுவது எங்கள் குடும்ப வழக்கம்.

நாற்பத்தைந்தாம் வருஷம் தை மாதம், செடிக்கு முட்டுக்கொடுக்க முடியாமல் காய்த்துக் கிடந்த நேரத்தில், பெரியப்பா பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டார். அழுதுகொண்டே பழம் பறித்தவளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. பறிக்காவிட்டால் அழுகிவிடும். கருமாதிக்கு உடுத்திய வெள்ளைச் சேலையில் தக்காளிக் கறை பட்டு, அது கடைசிவரை போகவில்லை.

கருமாதி முடிந்த மறுநாளே அப்பா பஞ்சாயத்தைக் கூட்டினார். அண்ணனுக்கு வாரிசு இல்லை, கொல்லை தம்பிக்குத்தான் வர வேண்டும் என்பது அவர் வாதம். ஊரில் யாருக்கும் அதில் மறுபேச்சு இல்லை. பெரியம்மாவுக்கு என்ன வழி என்று கேட்டதற்கு, “எங்க வூட்டுலயே இருக்கட்டும். ரெண்டு மாடு இருக்கு, பாத்துக்கிட்டு சோறு திங்கட்டும்” என்றார். சொந்த அண்ணி அவருக்கு மாட்டுக்காரி.

பெரியம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றபடி ஒன்று மட்டும் கேட்டாள். “நட்டது நானுங்க. தண்ணி ஊத்துனது நானுங்க. நிக்கிற வெள்ளாமையவாவது எனக்கு வுடுங்க.”

நாட்டாண்மை சிங்காரவேலு அப்போதே அறுபது வயதைத் தாண்டியவர். வாக்கு என்று ஒன்று சொன்னால் தலையே போனாலும் மாற்றமாட்டார் என்பதில் அவருக்குப் பெருமை. மீசையைத் தடவிவிட்டுச் சொன்னார். “அந்தப் புள்ள கேக்குறது நாயந்தான். காய்ப்பு ஓயிற வரைக்கும் கொல்லை கலியம்மா கையில இருக்கட்டும். செடியில காயின்னு ஒண்ணு நிக்கிற மட்டும் ராசாங்கம் ஏரை எறக்கக் கூடாது. கலியம்மா புதுசா வெத போடக் கூடாது. ராசாங்கம், நீயும் அது வெள்ளாமையில கை வெக்கக் கூடாது. ரெண்டு பேரும் கற்பூரத்துல அடிச்சுக் குடுங்க.”

இருவரும் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டே அடித்தார். பங்குனிக்குள் எல்லாம் காய்ந்து சருகாகிவிடும் என்பது அவர் நினைப்பு. அங்கே உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களில் ஒருவன்கூடத் தக்காளி வைத்தவன் இல்லை. சோளம் மாதிரி, கம்பு மாதிரி, அறுத்தால் தீர்ந்தது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். தாங்கள் தின்னாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்கள்.

பெரியம்மாவுக்கும் அன்று வேறு யோசனை இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு மாதம் கிடைத்தது என்றுதான் நினைத்திருப்பாள். மாசிக் கடைசியில் பாரம் தாங்காமல் மண்ணில் சாய்ந்து கிடந்த ஒரு கொப்பைத் தூக்கிக் கட்டப் போனாள். தூக்க முடியவில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. கையால் மண்ணை நீக்கிப் பார்த்தால், கொப்பு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வெள்ளையாக மயிர் மாதிரி வேர். அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். விண்ணரசி அம்மாளிடம் அவளே சொல்லியிருக்கிறாள், “அம்மா, எம் புருசன் செத்தப்புறம் அன்னிக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு” என்று.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியம் இதுதான். நல்ல கொப்பாகப் பார்த்து வளைத்து, சின்னப் பள்ளம் பறித்துப் படுக்க வைப்பாள். மக்கிய சாணியும் மண்ணும் மேலே போட்டு, ஒரு கல்லை வைத்து அழுத்துவாள். இருபது நாளில் வேர் பிடிக்கும். தாய்ச்செடியிலிருந்து அறுத்துவிடுவாள். தாய் காய்வதற்குள் பிள்ளை பூத்துவிடும். விதை என்று ஒன்றை அவள் தொடவே இல்லை. உதிர்ந்த பழத்திலிருந்து தானாக முளைத்த நாற்றைக்கூடக் களையோடு சேர்த்துப் பிடுங்கி எறிந்துவிடுவாள். அதைப் பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். கற்பூரத்தில் அடித்தது அவளுக்கு விளையாட்டில்லை.

பங்குனி வந்தது. அப்பா கலப்பைக்குப் புதுக் கொழு போட்டுக்கொண்டு போய் வரப்பில் நின்றார்.

“காய்ப்பு ஓஞ்சிருச்சா அண்ணி?”

“இல்ல தம்பி.”

சித்திரையில் போனார், வைகாசியில் போனார். முந்திரித் தழையை வெட்டி நிழல் கட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, நாலு பாத்திச் செடியை அவள் பச்சையாக வைத்திருந்தாள். ஆடியில் மழை பிடித்ததும் நாலு பாத்தி பத்தாயிற்று. அப்பா நேரே சிங்காரவேலுவிடம் ஓடினார். “மாமா, அது ஏமாத்துது. கொல்லை முச்சூடும் புதுச் செடி நிக்குது. வெத போட்டுருக்கு.”

சிங்காரவேலு வந்து பார்த்தார். “வெத போட்டியாம்மா?”

“இல்லீங்க மாமா. படுக்க வெச்சேன், எந்திரிச்சிருச்சு” என்று சொல்லிவிட்டு, புதுச்செடி ஒன்றின் அடியில் மண்ணை விரலால் நீக்கிக் காட்டினாள். தாய்ச்செடியிலிருந்து வந்த கொப்பு இன்னும் அறுபடாமல் அதோடு சேர்ந்தே இருந்தது.

கிழவர் குனிந்து பார்த்தார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். “டேய் ராசாங்கம், நம்மள எல்லாம் இந்தப் பொம்பள வித்துட்டு வந்துரும்டா. வெத போடலியே, வேற என்ன பண்றது? காய்ப்பு ஓயிற வரைக்கும்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்” என்றார். அப்பாவுக்கு அந்தச் சிரிப்புதான் சுட்டது. கொல்லை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒரு பெண்பிள்ளை, அதுவும் பிள்ளையில்லாத முண்டச்சி, தன்னைப் பார்த்து ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டாள் என்பது அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. ஊர்ப் பொடிசுகள் அவரைக் கண்டால், “காய்ப்பு ஓஞ்சிருச்சா?” என்று கத்திவிட்டு ஓடும்.

பெரியம்மா வீட்டை விட்டுக் கொல்லையிலேயே கொட்டகை போட்டுக்கொண்டாள். மூன்று வருஷம் அப்படி ஓடியது. வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பறிப்புக் காலம் அவளுக்கு மட்டும் முடியவே இல்லை. தையில் கூடை கூடையாகப் பறிப்பாள். ஆனியில் மடி நிறையப் பறிப்பாள். யாரிடமும் கை நீட்டாமல் சாப்பிட்டாள். அதைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் நகர முடியாது. கூடப் பிறந்த அக்காள் திருமானூரில் செத்தபோது காலையில் போய், பிணம் எடுக்கும் முன்பே திரும்பி ஓடிவந்தாள். தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும். செடி வாடினால் காய் உதிரும். காய் உதிர்ந்தால் மாட்டுக்கொட்டகை. தூங்கி எழுந்ததும் அவள் முதல் வேலை, எத்தனை செடியில் காய் நிற்கிறது என்று பார்ப்பது.

நாற்பத்தேழில் ஜெயங்கொண்டத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அப்பா சட்டையில் கொடி குத்திக்கொண்டு போய்விட்டு வந்தார். அந்த ஐப்பசியில் மழை இல்லை. கார்த்திகையிலும் இல்லை. தை மாதம் கேணியில் மண்தான் தெரிந்தது. பெரியம்மா கால் மைல் நடந்து ஊர்க்குளத்திலிருந்து குடத்தில் சுமந்தாள். மாசியில் குளமும் சேறாயிற்று. அதோடு செடிக்கு வேறு ஒரு கேடு வந்தது. எத்தனை தரம் படுத்து எழுந்தாலும் உடம்பு பழைய உடம்புதானே. இலையெல்லாம் சுருண்டு, கொப்பு குட்டையாகி, காய் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சிறுத்தது. புது விதை போட்டிருந்தால் தப்பித்திருக்கும். போடவில்லை. விண்ணரசி அம்மாள் ஒரு பொட்டலம் விதையைக் கொடுத்து, “யாருக்குத் தெரியப் போவுது கலியம்மா, போடு” என்றாளாம். “கற்பூரத்துக்குத் தெரியும்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இந்த இடத்தில் எனக்கு அவள் மேலேயே கோபம் வரும். எதிரே நின்றவர்கள் அவளிடம் எந்த நியாயத்தைக் காட்டினார்கள், இவள் இவ்வளவு நியாயம் பார்ப்பதற்கு?

சித்திரை பிறந்தபோது ஒரே செடி. அதில் ஒரே காய்.

பூ இருந்தது. ஆனால் வெயிலில் பூ நிற்காமல் கொட்டியது. காய் ஒன்று மட்டும் எலுமிச்சை அளவில் பிடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா அதற்கு மேல் ஓலையைச் சாய்த்து, குடிக்கிற தண்ணீரில் பாதியைச் செடிக்கு ஊற்றினாள். அதுவரை பறித்துப் பறித்து வாழ்ந்தவள், பறிக்கப் பயந்து உட்கார்ந்திருந்தாள். கூலி வேலைக்குப் போக முடியாது, காவல் இருக்க வேண்டும். விண்ணரசி அம்மாள் அனுப்புகிற கஞ்சிதான் ஆகாரம். காய் செங்காயாகி, செங்காய் பழமாகத் தொடங்கியது. பழம் தானாக விழுவதற்குள் ஒரு பிஞ்சு பிடித்துவிட்டால் போதும். ஒரு மழை பெய்துவிட்டால் பிஞ்சு பிடித்துவிடும்.

மழை பெய்தது. சித்திரை பதினெட்டாம் தேதி சாயங்காலம், மேற்கே திரண்டு வந்து ஒரு நாழிகை கொட்டியது. பெரியம்மா கொட்டகைக்கு வெளியே வந்து நனைந்துகொண்டே நின்றதை முந்திரிக்காட்டில் ஒதுங்கியிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். செடியில் ஏழெட்டுப் பூ இருந்தது. மண் ஈரமானால், சூடு தணிந்தால், நாலு நாளில் நாலு பிஞ்சாவது நிற்கும். அவள் பிழைத்துவிட்டாள் என்றுதான் ஊரே நினைத்தது. அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

கோடை மழை பெய்தால் மறுநாள் காலையில் ஊரே ஏர் கட்டும். அப்பாவும் கட்டினார். கட்டுவதற்கு முன்னால் அம்மாவை எழுப்பினார்.

என் அம்மா மலர்கொடிக்கு அப்போது என்னைச் சுமந்து மூன்று மாதம். எனக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. அந்த இரண்டும் பெரியம்மாவின் கண் பட்டுத்தான் போயிற்று என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அதை முதலில் கிளப்பியது யார் என்று எனக்குத் தெரியும், எழுத வெட்கமாக இருக்கிறது. மசக்கைக்காரி வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியுமாம். எதிரி வீட்டுக்காரிகூட வாய்க்காலைத் தாண்டி வந்து கொடுத்துவிட்டுப் போவாள். பிள்ளையில்லாதவள் இல்லை என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் இருக்கவே முடியாது. வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டால் கல்லால் அடிப்பார்கள்.

கட்டை பொறுக்கவும் கட்டி உடைக்கவும் பெண்கள் கூட்டமாகப் போகிற நேரமாகப் பார்த்து அம்மா கேணிக்கொல்லை வரப்பில் போய் நின்றாள். எல்லோர் காதிலும் விழும்படிதான் கேட்டாள். அப்படித்தான் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.

“அக்கா, நாக்குக்குப் புளிப்பாத் திங்கணும்போல இருக்கு. அந்தப் பழத்தக் குடேன்.”

நடந்துகொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். பெரியம்மா செடியருகே குந்தியிருந்தாள். எழுந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். “புளியம்பிஞ்சு பறிச்சாரட்டுமா மலரு? நெல்லிக்கா வேணுமா? பேட்டைக்கு ஓடிப் போயி அரைக்கூடை பழம் வாங்கியாரேன், செத்த இரு” என்றாள்.

“இல்லக்கா. அதான் வேணும்.”

ஒரு கிழவி வழியிலிருந்து, “குடுத்துரு கலியம்மா, வாயும் வயிறுமா இருக்குறவ கேக்குறா” என்றாள். இன்னொருத்தியும் அதையே சொன்னாள். தக்காளியைத் தீண்டமாட்டேன் என்று மூக்கைச் சுளித்த அதே தெருப் பெண்கள்தான். பெரியம்மா செடிக்கு முன்னால் மண்டியிட்டு, காம்போடு கிள்ளி, மண் ஒட்டியிருந்ததைச் சேலையில் துடைத்துவிட்டு, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அதற்குள் அப்பா முந்திரி மரத்தடியிலிருந்து ஏரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சிங்காரவேலுவையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

“பாருங்க மாமா. காயில்ல. நான் கை வெக்கல. அதுவா பறிச்சுக் குடுத்துச்சு.”

கிழவர் செடியைப் பார்த்தார். “பூத்து நிக்கிதேடா” என்றார்.

“பூவுன்னா சொன்னீங்க? காயின்னுதான சொன்னீங்க.”

வாக்கு மாறாத மனிதர் அல்லவா, தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொன்ன சொல் மூன்று வருஷம் அவளைக் காப்பாற்றியது. அன்று அதே சொல் அவளை வெளியே தள்ளியது. அவர் ஒரு சொல்லைக் கூட்டியிருக்கலாம், குறைத்திருக்கலாம். செய்யவில்லை. தன் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டு தன் வயலுக்குப் போனார். அப்பா ஏரை இறக்கினார்.

பெரியம்மா அன்றே புறப்பட்டு வரதராஜன்பேட்டைக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு வரவில்லை. வாத்தியார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கீரையும் கத்தரியும் போட்டுக்கொண்டு இருபது வருஷம் இருந்தாள். தக்காளிப் பாத்தியை மட்டும் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவாளாம். அவள் செத்ததை எங்களுக்குச் சொல்லி அனுப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

ஊர் அவளைப் புகழ்ந்தது. தன் வயிற்றுப்பாட்டைப் பார்க்காமல் மசக்கைக்காரிக்குப் பறித்துக் கொடுத்த மகராசி என்று இன்றும் சொல்கிறார்கள். புகழ்ச்சிக்கு என்ன செலவு? எனக்குக் காதில் சீழ் வடிந்ததே இல்லை. இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அதனால்தான் இந்தக் கதையைப் பல பேர் வாயால் பல தடவை கேட்க முடிந்தது. ஆனால் ஒரு பகுதியை யாரும் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாது. அப்பா போன பிறகு, அம்மாவும் படுத்த படுக்கையான பிறகு, ஒருநாள் நானே கேட்டேன்.

“நெசமாவே ஒனக்கு ஆசையா இருந்துச்சாம்மா?”

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள். “எனக்கு அந்த வாடையே ஆவாதுடி. மசக்கையில எட்ட வரும்போதே கொமட்டும். உங்கப்பா கேக்கச் சொன்னாரு, கேட்டேன். வாங்கிட்டு வந்துருன்னாரு. ஆனா அக்கா மூஞ்சியப் பாத்ததும் எனக்குத் தாங்கல. இதத் திங்காம போனா இன்னும் பெரிய பாவம்னு தோணுச்சு. அங்கயே நின்னு முழுசாத் தின்னேன். ஏரு எறங்கிக்கிட்டு இருக்கு, எல்லாரும் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எனக்குக் கொடலப் பொரட்டிக்கிட்டு வந்துருச்சு. கேணி மேட்டுக்கு அந்தாண்ட ஓடிப் போயி வாந்தி எடுத்தேன். தோலும் வெதையுமா அப்படியே வந்துச்சு.”

“யாரும் பாக்கலியா?”

“அக்கா பின்னாலயே வந்துச்சு. வந்து என் நெத்தியப் புடிச்சுக்குச்சு. முதுகத் தடவிக் குடுத்துச்சு. வாந்தி நின்னதும் முந்தானையால வாயத் தொடச்சி வுட்டுச்சு. நான் கால்ல வுழப் போனேன். தூக்கி நிறுத்தி, ‘ஒனக்கு இது ஆவாதுன்னு எனக்குத் தெரியும் மலரு. நீ வரப்புல வந்து நிக்கும்போதே தெரியும்’னு சொல்லுச்சு.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.